ஒதுக்கி வைத்த ஏழாம் இயந்திரம்

மார்ச் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கீழே உள்ளவை தேதிவாரியாக என் குறைகள். வரிசை மாறாமல் படிக்கவும்.

1. ஜனவரி 13. நம் நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தில் யார் என்ன மாற்றம் செய்தாலும் அது முதலில் சோதனைக்கான ஸ்டேஜிங் கிளைக்குத்தான் போக வேண்டும், அங்கே நான் பார்த்த பிறகே நடப்பில் ஓடும் மெயின் கிளைக்கு ஏற வேண்டும் என்ற விதியை எழுதி அனைவருக்கும் அனுப்பினேன். நீங்கள் 'நல்லது மாமா' என்று பதில் எழுதினீர்கள். விதி நல்லதா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. கடைப்பிடிப்பீர்களா என்றுதான் கேட்டிருந்தேன்.

2. பிப்ரவரி 3. டயாலிசிஸ் மையத்தில் அச்சாகும் தாளில் எழுத்தின் அளவை மாற்றி, ஸ்டேஜிங்கைத் தொடாமல், நேரே மெயினுக்கு அனுப்பினீர்கள். மருத்துவர் கையெழுத்திட வேண்டிய கோடு மட்டும் அன்று காலை முழுவதும் தனித்தாளில் அச்சாகிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "சின்ன விஷயம்தானே மாமா" என்றீர்கள்.

3. பிப்ரவரி 20. என் மகள், அதாவது உங்கள் மனைவி, தன் தாயிடம் தொலைபேசியில், "அப்பா ஸ்டேஜிங் ஸ்டேஜிங்னு உயிரை எடுக்கறாராம்" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள் களஞ்சியத்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்த 'ராம்' எந்த வீட்டில், யார் வாயிலிருந்து வந்தது என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

4. மார்ச் 4. கண் அறுவை முடிந்து நான் கட்டுடன் படுத்திருந்தேன். நீங்கள் என் மனைவியை அழைத்து, அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரத்திற்குள் மெயின் கிளையில் நேரடியாக மாற்றத்தை ஏற்றினீர்கள்.

5. மார்ச் 5. அந்த மாற்றத்தின் பயனாக, தொற்று இல்லாத ஒரு நோயாளி, ஒரு தையல்காரர், ஏழாம் இயந்திரத்தில் உட்கார வைக்கப்பட்டார்.

6. அதே நாள் மாலை. இதை நீங்கள் உங்கள் மனைவியிடம் சொல்லி, அவள் தன் தாயிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்னாள். என்னை வந்தடைந்தபோது அது, "சாஃப்ட்வேர்ல ஏதோ சின்னக் கோளாறாம், மாப்பிள்ளை சரி பண்ணிட்டாராம், நீங்க தூங்குங்க" என்று ஆகியிருந்தது.

இனி சொல்வது உங்களுக்குத் தெரிந்ததே. தெரிந்தும் செய்தீர்கள் என்பதால் மறுபடி எழுதுகிறேன். நம் நிரல் ஒரு டயாலிசிஸ் மையத்தை நடத்துகிறது. எந்த நோயாளி எப்போது எந்த இயந்திரத்தில் உட்கார வேண்டும் என்பதை அங்குள்ள செவிலியர்கள் நம் திரையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் ஓடுவது மெயின் கிளை. அதில் எழுதப்படும் வரி சில நிமிடங்களில் ஒரு மனிதரின் கையில் ஊசியாக இறங்குகிறது. ஸ்டேஜிங் கிளை அதே நிரலின் இரட்டை. அங்கே பொய்ப் பெயர்களைக் கொண்ட ஒரு பட்டியல் ஓடுகிறது. அங்கே நாம் தவறினால், பிறக்கவே பிறக்காத ஒருவர் தவறான நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். ஊருக்கு ஒரு நஷ்டமுமில்லை.

ஏழாம் இயந்திரம் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டது. வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. இதுவும் உங்களுக்குத் தெரியும்.

மையத்தின் இயக்குநர் நேற்று எனக்கு எழுதியிருக்கிறார். பொறுப்பானவர் யார் என்று இம்மாத இறுதிக்குள் பெயர் எழுதித் தர வேண்டும். அந்த நபர் இனி அவர்களுடைய திரைக்குப் பின்னால் இருக்கக் கூடாது. மறுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. இந்த அலுவலகம் ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்து நடக்கிறது. ஆகவே நான் எழுதப்போகும் பெயருக்கு உரியவருக்கு இங்கே வேலை இருக்காது. பெரிய நிறுவனத்தில் நல்ல நாற்காலியில் இருந்தவரை, "வாங்க மாப்பிள்ளை, சேர்ந்து செய்வோம்" என்று அழைத்து வந்தவன் நான்தான் என்பதை மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

அலுவலகச் செய்திக்குழுவில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள். தொலைபேசியில் பேசினால் என் மகள் குறுக்கே வாங்கிக்கொள்வாள். எனவே தாளில் எழுதியிருக்கிறேன். தாளிலேயே விளக்கம் வரட்டும்.

உங்கள் மாமனார்,
இக்கடிதத்தைப் பொறுத்தவரை களஞ்சியப் பொறுப்பாளர் மட்டும்.


மார்ச் 13

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். கண் இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் கையெழுத்து கோடு போட்டது போல நேராக இருந்ததைப் பார்த்து, பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கடிதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

நேரே மெயினுக்குப் போனது தவறு. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 3 பற்றியும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது குறையைப் பொறுத்தவரை, உங்கள் மகள் நான் சொன்னதைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் அத்தையிடம் சொன்னாள். மெருகேற்றாததை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

மார்ச் 4 அன்று மதியம் நடந்ததை மட்டும் நடந்தபடி சொல்ல அனுமதியுங்கள். மையத்தின் தலைமைச் செவிலியர் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு மெஷினுக்குத் தண்ணி லைன் அடைச்சுக்கிச்சு. ரிப்பேர் பண்றவர் நாளைக்குச் சாயங்காலம்தான் வருவாராம். உங்க திரை என்னடான்னா நாளைக்குக் காலைக்கு இன்னும் அந்த ரெண்டு மெஷின்லயே ஆளைப் போட்டுக்கிட்டு இருக்கு. நான் கையால மாத்தினா, மாத்தி முடிக்கிறதுக்குள்ள பழையபடி வந்து உக்காந்துக்குது."

"மாமாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சிஸ்டர்."

"நீங்க யாரை வேணா கேளுங்க. காலைல வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ணியாகணும். அவங்ககிட்ட 'மாமாகிட்ட கேட்டிருக்கோம்'னு நான் சொல்ல முடியுமா?"

பழுதான மெஷினில் இருப்பவர்களைக் காலி மெஷினுக்குத் தானாக மாற்றும் பகுதியை நான் பிப்ரவரியிலேயே எழுதி ஸ்டேஜிங்குக்கு அனுப்பியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பார்த்து, கீழே 'சரி' என்று எழுதியிருந்தீர்கள். பில் பகுதி பாதியில் நின்றதால் ஸ்டேஜிங்கில் இருந்த எதுவும் இன்னும் மெயினுக்கு ஏறவில்லை. சிஸ்டருக்கு வேண்டியது அங்கே தயாராகத்தான் இருந்தது. மேலே ஏற்ற உங்கள் சம்மதம் மட்டும் வேண்டியிருந்தது. அதனால் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அத்தை, மாமா என்ன பண்றாங்க?"

"கண்ணுல மருந்து விட்டுட்டு மல்லாந்து படுத்திருக்காரு. ஏன் மாப்பிள்ளை, எழுப்பட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அத்தை. அவசரம் ஒண்ணும் இல்ல. சும்மாதான் கேட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. "அவசரம் இல்லன்னா அந்த சிஸ்டர் எதுக்கு ஓயாம போன் அடிக்கிறாங்க? எங்கப்பா என்ன புலியா, எழுப்பினா கடிச்சிடுவாரா?" என்றாள். நான், பெரியவர்களை எழுப்புவது முறையில்லை என்றேன். "முறை மண்ணாங்கட்டி" என்று எழுந்து போய்விட்டாள்.

ஸ்டேஜிங்கை அப்படியே மேலே ஏற்றினால் அரைகுறை பில் பகுதியும் சேர்ந்து போய்விடும். ஆகவே என் கணினியில் இருந்த என் சொந்தக் கிளையிலிருந்து அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்து மெயினில் சேர்த்தேன். அது ஏற்கெனவே ஸ்டேஜிங்கில் தேறியது என்ற தைரியம் எனக்கு இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புரியவில்லை, மாமா. சங்கடப்படாமல் விளக்கினால் நன்றாக இருக்கும். காலி மெஷின்களைத் தேடும்போது ஏழாம் மெஷினை விலக்க நான் மறந்திருக்கிறேன். அது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அப்படி மறந்திருந்தால் ஸ்டேஜிங்கிலும் அதே தவறு தெரிந்திருக்க வேண்டுமே? நிரல் ஒன்று. பட்டியலும் ஏறக்குறைய ஒன்று. அங்கே 'சரி' என்று வந்தது இங்கே எப்படித் தவறானது?

அத்தைக்கு என் வணக்கங்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


மார்ச் 16

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் கேட்டது விளக்கம். நீங்கள் அனுப்பியிருப்பதில் பாதி உரையாடல், மீதி கேள்வி.

நேற்று கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு மையத்திற்குப் போய் வந்தேன். நீங்கள் அந்த அறையைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். ஜன்னல்களை ஒட்டி வரிசையாக நாற்காலிகள். கடைசியான ஏழாம் நாற்காலி மட்டும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால். அதைச் சுற்றித் தரையில் சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறது. பட்டையின் ஒரு மூலை பிய்ந்து சுருண்டிருக்கிறது.

தலைமைச் செவிலியர் நின்றபடியே பேசினார்.

"திரைல ஏழுன்னு வந்துச்சு சார். தையல்காரரும் போய் உக்காந்து சட்டைக் கையைச் சுருட்டிட்டாரு. இங்க புதுசா வேலைக்கு வந்த பொண்ணு, திரை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊசியைக் கையில எடுத்துட்டா. நான் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தேன்னு வைங்க..."

 

தையல்காரர் மூன்றாம் நாற்காலியில் இருந்தார். என்னை யாரென்று தெரியாமல் சிரித்தார். "எனக்கு என்ன சார் தெரியும்? அந்தப் பக்கம் காத்து நல்லா வருதேன்னு சந்தோஷமா உக்காந்தேன். எழுப்பி விட்டப்ப கோபம்கூட வந்துச்சு" என்றார்.

இயக்குநர் தன் நிலையில் மாறவில்லை. பெயர் வேண்டும் என்கிறார்.

உங்கள் கேள்விக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. ஸ்டேஜிங்கில் நடந்ததை ஸ்டேஜிங்கோடு விடுங்கள். மெயினில் எழுதும் உங்கள் அனுமதியை இன்று காலை எடுத்துவிட்டேன். நான் கேட்ட விளக்கத்திற்காக இன்னமும் காத்திருக்கிறேன்.

களஞ்சியப் பொறுப்பாளர்


மார்ச் 20

மாமா அவர்களுக்கு,

'ஸ்டேஜிங்கில் நடந்ததை ஸ்டேஜிங்கோடு விடுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் ஸ்டேஜிங்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதுவரை பார்த்ததில்லை. அனுப்புவேன், உங்கள் 'சரி' வரும், அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

என் கிளையையும் ஸ்டேஜிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பகுதியில் ஒரே ஒரு வரி வித்தியாசம். 'இயந்திரத்தின் எண் ஏழு என்றால் விட்டுவிடு.' அந்த வரி நான் எழுதியதல்ல. எழுதியவர் நீங்கள். பிப்ரவரி 17 என்று தேதியும் உங்கள் பெயரும் இருக்கின்றன. மறுநாள் என் நிரலுக்குக் கீழே 'சரி' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் அனுப்பிய ஒவ்வொன்றிலும் உங்கள் கை இருக்கிறது. சில இடங்களில் ஒரு வரி. சில இடங்களில் பாதிக்கு மேல். கீழே தவறாமல் 'சரி', 'நன்று', 'மிக நன்று'. நீங்கள் எதையும் மறைக்கவில்லை. தேடியிருந்தால் எந்த நாளும் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் என்னிடம் சொல்லவும் இல்லை.

நம் அலுவலகத்தில் சோதனை பார்க்கும் பெண் அனுப்பிய நிரலுக்குக் கீழே நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் படித்தேன். "இது தூக்கத்தில் எழுதியதா? திரும்ப எழுது." அவள் திரும்ப எழுதியிருக்கிறாள். மறுபடி, "இன்னும் தூக்கம் தெளியவில்லை." மறுபடி எழுதியிருக்கிறாள். இந்த வருடத்தில் அவளுடைய நிரலில் நீங்கள் கை வைத்ததே இல்லை. அவளுக்குத் திட்டு கிடைத்தது, வேலை கற்றுக்கொண்டாள். எனக்கு மரியாதை கிடைத்தது.

இதை உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் துளியும் ஆச்சரியப்படவில்லை.

"எங்கப்பா அப்படித்தான். என் சமையல்ல உப்பு இல்லன்னா வாயைத் திறக்க மாட்டாரு. நைஸா எந்திரிச்சுப் போய் உப்பை எடுத்துப் போட்டுக்கிட்டு, 'அருமையா இருக்கும்மா'ன்னுவாரு. கல்யாணம் ஆகி வந்தப்புறம் உங்க வாயாலதான் எனக்கே தெரிஞ்சுது, எனக்கு உப்புப் போடத் தெரியாதுன்னு."

"அப்ப நான் சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்தியே?"

"இருந்தேன். இப்ப உப்பு சரியா இருக்கா இல்லையா?"

நீங்கள் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வரியில், 'ஏழாம் இயந்திரத்தை மறந்திருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தால் நான் அதை உயிர் உள்ளவரை மறந்திருக்க மாட்டேன். என் கிளையிலும் திருத்தியிருப்பேன். மார்ச் 5 அன்று தையல்காரர் தொற்று இல்லாத வேறு நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அத்தையிடம் 'அவசரம் இல்லை' என்று நான் சொன்னதும் இதே மரியாதையில்தான். உங்களை எழுப்பியிருந்தால், படுத்தபடியே, 'என் வரி ஸ்டேஜிங்கில் இருக்கிறது, அதையும் சேர்த்து எடு' என்று சொல்லியிருப்பீர்கள். ஒரு நிமிட வேலை.

இயக்குநருக்கு என் பெயரையே எழுதுங்கள். இந்த மாதக் கடைசியோடு நான் விலகிக்கொள்கிறேன். பழைய நிறுவனத்தில் என் இடத்திற்கு வேறு ஆள் வந்துவிட்டார். வேறு எங்காவது பார்த்துக்கொள்கிறேன். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் வேலை எது, உங்கள் வேலை எது என்று தெரியாத இடத்தில் எனக்கு இனி வேலை செய்ய வராது.

நீங்கள் பிப்ரவரி 17 அன்று எழுதிய வரியைப் பார்த்தபோது அதைப் பற்றியும் எனக்கு ஒன்று தோன்றியது. போகிறவன் அதைச் சொல்லிப் பயனில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் விலகல் கடிதத்தைப் படித்தேன். கோபம் வந்தது. சிறிது இடைவெளி விட்டு மீண்டும் படித்தேன். கோபம் அதே இடத்தில் இருந்தது. ஆனால் அது பார்த்துக்கொண்டிருந்த திசை மாறியிருந்தது.

முதலில் உண்மைகள். நீங்கள் கண்டுபிடித்தவை அனைத்தும் சரி. திருத்தியது நான். சொல்லாதது நான். காரணம் கேட்பீர்கள். களஞ்சியத்தில் ஒருவருடைய தவறைச் சுட்டி எழுதினால் அது அலுவலகத்தில் எல்லோருடைய திரையிலும் தெரியும். வீட்டு மாப்பிள்ளையின் தவறை நாலு பேர் பார்க்க எழுதக் கூடாது என்று நினைத்தேன். தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்றால், தனியாகச் சொன்னது என் மகளிடம் போகும், அவளிடமிருந்து என் மனைவியிடம் வரும் என்று நினைத்தேன். பிறகு, நானே திருத்திவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிறதே என்று நினைத்தேன். இவ்வளவு நினைத்தவனுக்கு, திருத்தப்படாத பிரதி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டுக் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி அதைப் படித்துவிட்டாள்.

"என்னங்க இது, மாப்பிள்ளை வேலையை விடறாராமே?"

"ஆமா."

"அவர் தப்புப் பண்றப்ப நீங்க சொல்லவே இல்லையா?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

"ஏன், எங்கப்பா உங்ககிட்ட சொல்லலையா? கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் பிரிச்சு, வீட்டையே இருட்டாக்கினீங்களே. 'மாப்பிள்ளை, தெரியாததுல கை வைக்காதீங்க'ன்னு எல்லார் முன்னாடியும் மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு. நீங்க மாசக்கணக்கா எங்க வீட்டுப் பக்கம் வரல. ஆனா அதுக்கப்புறம் ஒரு பல்பு மாத்தறதுன்னாக்கூட ஆளைக் கூப்பிடறீங்களா இல்லையா? இன்னைக்கு வரைக்கும் உயிரோட இருக்கீங்க."

 

அடுத்து, இயக்குநருக்கு நான் எழுத வேண்டியிருந்த கடிதம். நேற்று முன்தினம் நேரில் போய்க் கொடுத்துவிட்டேன். அதில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

இதைப் பெருந்தன்மை என்று என் மகளிடம் சொல்லிவிட வேண்டாம். அவள் அழுவாள், அதைக் கேட்டு என் மனைவி அழுவாள், எனக்கு வேலை கெடும். ஜனவரி 13 அன்று நான் எழுதிய விதியின் கடைசிப் பத்தியை எடுத்துப் படியுங்கள். ஒரு மாற்றத்தைப் பார்த்துச் சரி என்று எழுதுபவரே அதற்குப் பொறுப்பு என்று இருக்கிறது. உங்கள் நிரலைச் சரி என்று நான் எழுதினேன். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை நம்பித்தான் நீங்கள் மெயினைத் தொட்டீர்கள். விதியை எழுதியவனே அதிலிருந்து நழுவினால் பிறகு அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

அதே சமயம், முதல் கடிதத்தில் நான் எழுதிய குறைகளில் ஒன்றைக்கூடத் திரும்பப் பெறவில்லை. நீங்கள் நேரே மெயினுக்குப் போனது தவறு. அத்தையிடம் அவசரமில்லை என்றது அதைவிடப் பெரிய தவறு. கண் போனாலும் சரி, என்னை எழுப்பியிருக்க வேண்டும். நான் புலி அல்ல என்று என் மகள் சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் ஏற்றுக்கொள்கிறேன்.

இயக்குநர் கடிதத்தை என் எதிரிலேயே படித்தார். "வயசுக்கு மரியாதை குடுத்து இதோட விடறேன். ஆனா சொன்னது சொன்னதுதான். நீங்க இனிமே எங்க திரைப் பக்கம் வரக் கூடாது" என்றார். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வெளியே படியில் தலைமைச் செவிலியர் நின்றிருந்தார். "அப்ப இனிமே யாருக்கு சார் போன் பண்றது?" என்று கேட்டார். உங்கள் எண் அவரிடம் இருக்கிறது என்றேன். "அந்தத் தம்பி எடுப்பாரு. ஆனா மாமாகிட்ட கேட்கணும்பாரு" என்றார். இனி கேட்க மாட்டார் என்றேன். இதை உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். அது முறையல்ல என்பது தெரியும்.

எனவே இப்போதைய நிலை இது. மெயின் கிளையில் எழுத எனக்கு அனுமதி இல்லை. நானே என் பெயரை நீக்கினேன். ஸ்டேஜிங்கைப் பார்த்து மேலே ஏற்றும் அதிகாரம் இன்று முதல் உங்களிடம் இருக்கிறது. நேராக மெயினுக்கு யாரும், நீங்களும்கூட, எதையும் அனுப்ப முடியாதபடி பூட்டியிருக்கிறேன். ஸ்டேஜிங் வழியாக மட்டுமே கதவு திறக்கும். அவசரம் என்றால் எந்த நேரத்திலும் இன்னொருவரை எழுப்பி, இரண்டு பேராகப் பார்த்து ஏற்ற வேண்டும். நான் எழுதுவதும் இனி அவர்கள் திரையைத் தொடாத ஸ்டேஜிங்குக்குத்தான் வரும். அதைப் பார்க்கப் போவது நீங்கள்.

நீங்கள் விலகுவதாக எழுதியிருக்கிறீர்கள். இயக்குநர் கேட்ட பெயர் உங்களுடையதல்ல என்பதால் அந்தக் காரணம் இப்போது இல்லை. உங்கள் வேலை எது, என் வேலை எது என்று தெரியவில்லை என்றீர்கள். அந்தக் காரணம் செல்லும். அதற்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். நேற்று உட்கார்ந்து, உங்கள் நிரலில் நான் இதுவரை சொல்லாமல் திருத்திய ஒவ்வொரு வரிக்கும் கீழே, என்ன தவறு, ஏன் தவறு என்று எழுதிவிட்டேன். மென்மையாக எழுதவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் படித்துவிட்டார்கள். சோதனை பார்க்கும் பெண், "சார், உங்க மாப்பிள்ளைக்கும் தூக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உங்களுக்குக் கோபம் வரும். அத்தை வீட்டுப் பக்கம் சில மாதம் வர மாட்டீர்கள் என்றால் அதையும் புரிந்துகொள்வேன்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மையம் இன்னொரு இயந்திரத்தையும் தொற்று உள்ளவர்களுக்கென்று ஒதுக்கப்போகிறது. அது இரண்டாம் இயந்திரம். பிப்ரவரி 17 அன்று நான் எழுதிய வரி, ஏழு என்ற ஒரு எண்ணை மட்டுமே அறியும். அந்த வரியைப் பற்றி உங்களுக்கு ஒன்று தோன்றியதாகவும், சொல்லாமல் விட்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது அதுவாக மட்டும் இருக்க வேண்டாம்.

என் வரியில் உள்ள தவறு என்ன, அதை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதை 'மாமா', 'பணிவுடன்', 'சங்கடப்படாமல்' போன்ற சொற்கள் ஏதுமின்றி, ஸ்டேஜிங் கிளையில் அந்த வரிக்கு நேர் கீழே, அலுவலகத்தில் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும். அதை எழுதுவதற்கும் எழுதாமல் விலகுவதற்கும் உரிமை உங்களுடையது. இரண்டில் எதுவானாலும், மார்ச் 28, வெள்ளிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்து மூலம் எனக்குப் பதில் வந்தாக வேண்டும்.

உங்கள் மாமனார்